லாலிபெலாவில் இரண்டாவது கிறிஸ்துமஸ்

எத்தியோப்பியாவில் டிசம்பர் 25 விடுமுறை கிடையாது. அடிஸ் அபாபாவில் நான் ஊழியம் செய்த பள்ளியில் அன்றைக்கும் வழக்கம்போல மணியடித்தது, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு எடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் நானும் ஒரு மலையாள நர்ஸும் மொபைலில் கீர்த்தனை போட்டு கேக் வெட்டினோம். அம்மா போனில், "பண்டிகைக்குக்கூட ஒத்தையிலதான் இருக்கியா?" என்று ஆரம்பித்து, எங்கே போய் முடிப்பாள் என்று எனக்குத் தெரியும், கல்யாணத்தில்தான்.

அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. கென்னா என்கிறார்கள். 2019 கென்னாவுக்கு என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகள் என்னையும் நர்ஸையும் வடக்கே பாறைக் கோயில்களுக்குப் பேர்போன லாலிபெலாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்திக்கு அது சொந்த ஊர். வடக்கே இப்போதிருக்கும் சண்டையெல்லாம் தொடங்காத காலம், விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஊருக்குள் நுழையும் சாலை நெடுக வெள்ளை நெத்தலா போர்த்திய ஜனங்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள், பாதிப்பேர் காலில் செருப்பு இல்லை, பல நாட்களாக நடக்கிறார்களாம்.

வீட்டு வாசலில் தோழியின் பாட்டி ஒரு பாத்திரத்தில் வெந்நீரோடு காத்திருந்தார். யாத்திரை வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்த ஊர் வழக்கம். விமானத்தில் வந்த காலுக்கு இது எதற்கு என்று நான் நெளிய, பாட்டி விடவில்லை. "லிஜே, லிஜே" என்று பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டே விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவினார். யோவான் 13-ஐ எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், யாரும் எனக்குக் கால் கழுவியதில்லை. மிஷனெரி என்று பெயர் வைத்துக்கொண்டு நான் போன நாடு, நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் அரசன் எசானா கிறிஸ்துவை ஏற்ற நாடு என்பது புத்தகத்தில் படித்த விஷயம்தான், அந்த வெந்நீரில்தான் உறைத்தது.

கோயில்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பதினொன்று, எல்லாமே மலைப்பாறையைக் குடைந்தவை. பேத்த கியோர்கிஸை மேலிருந்து எட்டிப் பார்த்தால் சிலுவை வடிவக் கூரை தரைமட்டத்தில் தெரிகிறது, கோயில் முழுக்கக் கீழே பள்ளத்துக்குள். எங்கள் பக்கத்துக் கழுகுமலை வெட்டுவான்கோயிலைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிய அதே மாதிரி வேலை. பேத்த மெதானே ஆலெம் 33 மீட்டர் நீளம். அதன்மேலும் பேத்த மரியம்மேலும் மழைக்குப் பாதுகாப்பென்று போட்டிருக்கும் ராட்சதக் கூரை ஏதோ பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கிறது, தேவைதான், ஆனாலும் கண்ணை உறுத்தியது. ஊருக்குப் பெயர் தந்த லாலிபெலா அரசரின் கல்லறை இருப்பதாகச் சொல்லும் கொல்கொதா கோயிலுக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை, எங்களுக்கு வாசலோடு சரி.

ஜனவரி 6 இரவு தூங்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம், குளிர் எலும்புக்குள் போகிறது, ஜனங்கள் பாறைமேலேயே உட்கார்ந்தும் சாய்ந்தும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். குருமார்கள் நீண்ட கைத்தடியை ஊன்றி அசைந்து அசைந்து பாட, கெபரோ மத்தளம் முதலில் மெதுவாகத்தான் தொடங்குகிறது, போகப் போக நெஞ்சுக்குள் அடிக்கிறது. கூட்டத்தில் என் பக்கத்திலிருந்த பெரியவர் நான் இந்தியா என்றதும், "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தியர்" என்றார் ஆங்கிலத்தில். பேரரசர் ஹைலி செலாசி காலத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வாத்தியார் வேலைக்குப் போனார்கள். அடுத்த கேள்வி, "புருஷன் எங்கே?" இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் நெத்தலாவின் ஒரு முனையை என் தோள்மேல் போட்டார், அவ்வளவுதான்.

நற்கருணை எனக்குக் கிடையாது. அது ஆர்த்தடாக்ஸ் சபை, நான் அவர்கள் பேச்சில் ஒரு "பென்டே", புராட்டஸ்டன்ட். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் விடிந்தபின் நடக்கும் பேஸா குலு எல்லோருக்கும் பொது: பேத்த மரியம் முற்றத்தைச் சுற்றிய பாறை விளிம்பில் குருமார்கள் வரிசையாக நின்று உலக மீட்பரைப் பாட, கீழே முற்றத்தில் நிற்பவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்கள். மேலே தேவதூதர்கள், கீழே மேய்ப்பர்களாம். லூக்கா 2 இப்படித்தான் கேட்டிருக்கும் போல என்று நினைத்தேன். நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள், நானும்தான்.

அப்புறம் சாப்பாடு! நவம்பர் 24 முதல் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாத வீடு அது, நாங்களும் அவர்களுக்காகக் கடைசி வாரம் வெறும் ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்புதான். ஒரே பெரிய தட்டில் தோசை மாதிரியான இஞ்சேரா விரித்து, நடுவே காரமான தோரோ வோத் கோழிக்குழம்பு, சுற்றி எல்லோரும். அங்கே குர்ஷா என்று ஒரு வழக்கம், கையால் உருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டிவிடுவது. பாட்டி எனக்கு முதல் உருண்டை கொடுத்தார், பெரிது, மூச்சுமுட்ட மென்றேன். தோழி இரண்டாவது. அவள் அக்கா மூன்றாவது. அம்மாவிடம் சாப்பிட்டது நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அதற்கப்புறம் யாரும் எனக்கு ஊட்டிவிட்டதில்லை.

காபி மூன்றாம் சுற்று வந்தபோது பாட்டி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்டருக்கும் வரச் சொல்கிறார் என்றாள் தோழி, ஆனால் அதற்கு நோன்பு 55 நாள், முழுசாக இருந்தால்தான் கோழி. நான் சரி என்று சொல்வதற்குள் நர்ஸ் என் சார்பில் ஒத்துக்கொண்டுவிட்டாள்.