சுவரில் மீன், கீழே குழாய்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் விழிப்புணர்வு வேலை செய்கிற எங்களுக்கு வருடம் முழுக்கச் சிரமதானம்தான். கல்லடிப் பாலத்தடியில் போத்தலும் பொலித்தீனும் பொறுக்கி மூட்டை கட்டுவோம், பதாகையோடு படம் எடுப்போம். அடுத்த மழைக்கு வடிகான்கள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிடும்.

கலை இதில் என்ன செய்யும் என்பது, சீனாவின் செங்டு நகரில் 1995இல் நடந்த ஒன்றைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. யின் ஷியுஜென் என்ற கலைஞர் அங்கே அழுக்கான ஆற்று நீரை உறைய வைத்து, ஐஸ் பாளங்களைக் கரையில் அடுக்கினார். வருவோர் போவோர் கையில் பிரஷும் நல்ல தண்ணீரும் கொடுத்து, கழுவச் சொன்னார். தேய்த்தால் ஐஸ் கரையும், ஆற்றின் அழுக்கா போகும்? தேய்த்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்! அந்த நிகழ்வுகளை ஒழுங்கு செய்த அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டாமனின் எண்ணத்தில், 1998இல் அதே ஆற்றங்கரையில் மீன் வடிவப் பூங்கா ஒன்று எழுந்தது. ஆற்று நீர் அங்கே குளங்களிலும் நீர்த்தாவரப் பாத்திகளிலும் ஓடித் தெளிகிறது. முழு ஆற்றுக்கும் அது காணாது. ஆனால் தண்ணீர் தெளிவதைச் சனம் கண்ணால் பார்க்கலாம்.

மீன் பாடும் ஊர் என்று பேரெடுத்த மட்டக்களப்பில் மீன் வரைய ஆளா இல்லை? 'இயற்கையைக் காப்போம்' சுவர்களால் ஒரு பயனும் இல்லை என்பது என் கட்சி. (அவற்றில் அனுசரணையாளரின் சின்னம் மீனைவிடப் பெரிதாக இருக்கும்.) நாங்கள் கழிவுநீர் விழும் குழாய்க்கு நேரே, அதைக் குடிக்கிற திரளி மீனை வரைந்தோம். தோணியில் வந்த ஐயா ஒருவர் பார்த்துவிட்டு, "இந்தக் குழாய் ஆர்ர மனே?" என்றார். எந்தச் சிரமதானத்திலும் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அப்புறம் மீனவர்கள் கையெழுத்துச் சேர்த்தார்கள், கடிதம் போனது, ஆட்கள் வந்து அளந்தும் போனார்கள். குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆனாலும் அது யாருடையது என்று இப்போது ஊருக்கே தெரியும்.

சிக்கல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம். வயலுக்குப் போடும் உரம் வாய்க்கால் வழியே வாவிக்கு வந்து ஆற்றுவாழை என்ற மிதக்கும் களையை வளர்க்கிறது. அதற்குக் குழாயும் இல்லை, சுவரும் இல்லை. சரி, கூத்துப் போடலாம் என்றோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் உடனே, "ஆர் மனே அரக்கன்? களரியைச் சுத்தி இருக்கிறதெல்லாம் வெள்ளாமைக்காரன்" என்றார். உர வியாபாரியை அரக்கனாக்கலாம் என்றார் ஒருவர். எனக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டு வயலுக்கும் அதே உரம்தானே போடுகிறோம். அரக்கன் இல்லாத வடமோடிக் கூத்துக்கு அண்ணாவியார் இன்னும் இணங்கவில்லை.