ஹெட்டில் தேய்ந்த பிளக் புரி

இலங்கையின் வன்னியில் இன்னும் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்), தீப்பொறி தரும் பிளக்கைத் திருகும் புரி தேய்ந்திருப்பதற்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். சில துளி பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின்களில் கரி விரைவாகப் படிந்ததால், பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. சூடு ஆறுமுன் கழற்றும்போது பிளக்கின் உருக்குப் புரி ஹெட்டின் மென்மையான அலுமினியத்தைச் சிதைத்துவிடக்கூடும்.

தேய்ந்த புரியில் பிளக்கை மேலும் இறுக்குவது தீர்வாகாது. பிளக் தன் சூட்டின் பெரும்பகுதியை ஹெட்டுக்குக் கடத்துவது புரியின் வழியாகவும் வாஷர் அமரும் முகத்தின் வழியாகவும் என்பதால், பிடி தளர்ந்தால் சூடும் மிகும்.

துளையை உரிய அளவுக்குப் பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டி, துருப்பிடிக்காத உருக்குக் கம்பிச் சுருளைச் செலுத்துவதே நல்ல வழி. ஹெட்டைக் கழற்றிச் செய்வதையே நான் வலியுறுத்துவேன். அது இயலாவிடில், புரிவெட்டியின் பள்ளங்களில் கிறீஸ் பூசி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். உள்ளே விழும் உலோகச் சீவல் சிலிண்டர் சுவரைக் கீறும். சுருளின் மேல்முனை வாஷர் அமரும் முகத்திற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கீழ்முனை எரியறைக்குள் நீளக்கூடாது. சுருளின் அடியில் சிறு நாக்கு இருந்தால், அதை முறித்துக் கவ்வியால் எடுத்துவிட வேண்டும்.

கடைச்சல் பட்டறையில் செய்யும் பித்தளைப் புஷ்ஷும் (உள்ளும் புறமும் புரியிட்ட உறை) உழைக்கும். ஆனால் அது இறுக்கமாகப் பொருந்தாவிடில் பிளக்குடனேயே கழன்று வரும்.

எஞ்சின் ஆறிய நிலையில், 10 மில்லிமீற்றர் புரி விட்டமுள்ள பிளக்கை முதலில் விரலால் முழுவதும் திருகி, பின்னர் 10 முதல் 12 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கினால் போதும்.