ஒரு டொலர் இரண்டு தரம் வேலை செய்த கணக்கு

எங்கள் பொருளியல் மாஸ்டர் காலமான செய்தி வந்ததிலிருந்து அவருடைய மார்ஷல் திட்டப் பாடம்தான் மனதில் நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மேற்கு ஐரோப்பா மீள எழ அமெரிக்கா கொடுத்த உதவியைப் பற்றியது அது. பரீட்சைக்கு வராத பாடம். ஆனாலும் உயர்தர வகுப்பில் அதைக் கேட்காமல் வெளியேறியவர் எவரும் இல்லை.

"எவ்வளவு குடுத்தவங்கள் எண்டு கேக்காதேங்கோ. காசு எந்த வழியாப் போனது எண்டு கேளுங்கோ" என்பார்.

தொகை சின்னதல்ல. 1948 முதல் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300 கோடி டொலர், பெரும்பகுதி திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத நன்கொடை. பிரித்தானியாவுக்கே கூடுதலான பங்கு, அடுத்தது பிரான்ஸ். ஆனால் வந்தது பெரும்பாலும் காசாக அல்ல. கோதுமை, பருத்தி, நிலக்கரி, எண்ணெய், இயந்திரம் என்று பொருளாக வந்தது.

கரும்பலகையில் மாஸ்டர் பிரான்சின் மாவாலை ஒன்றை எடுத்துக்கொள்வார். அதற்கு அமெரிக்கக் கோதுமை வேண்டும், கையில் டொலர் இல்லை. விற்றவருக்கு அமெரிக்க அரசு டொலரில் கொடுத்துவிடும். ஆனால் மாவாலை அந்தக் கோதுமையைச் சும்மா வாங்கிக்கொள்ள முடியாது. விலையைப் பிராங்கில் கட்ட வேண்டும். அந்தப் பிராங் மத்திய வங்கியில் ஒரு தனிக்கணக்கில் சேரும். அதுதான் எதிரீட்டு நிதி. அதில் நூற்றுக்கு 5 அமெரிக்காவின் பாவனைக்கு. மிச்சம் 95, அமெரிக்காவின் சம்மதத்தோடு அந்த நாட்டு அரசு செலவழிக்க. பிரான்ஸ் அதை மொனே திட்டம் என்ற தன் மீள்கட்டுமானத் திட்டத்தின் மின்சாரம், நிலக்கரி, ரயில்பாதை ஆகியவற்றில் போட்டது. பிரித்தானியா பெரும்பாலும் அரசின் கடனை அடைத்தது. மேற்கு ஜேர்மனி 1948இல் பிராங்பேர்ட்டில் தொடங்கிய மீள்கட்டுமான வங்கி வழியாகக் கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததை மறுபடியும் கடனாகக் கொடுத்தது. அந்த நிதி இன்றும் சுழல்கிறது. மூன்றிலும் கெட்டித்தனமானது இதுதான் என்பது என் எண்ணம்.

பிசகுகிற இடத்தையும் அவர் விடமாட்டார். கணக்கில் கிடக்கும்வரை அந்தப் பணம் புழக்கத்திலிருந்து விலகி நின்று விலைவாசியை அடக்கும். பொருள் உற்பத்தி பெருகுமுன் அவசரமாகத் திறந்துவிட்டால் அதே பணம் விலையை ஏற்றிவிடும்.

இன்னொரு முடிச்சு, அயல்நாடுகளே ஒன்றுக்கொன்று காசு கட்ட முடியாமல் நின்றது. 1950இல் ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம் வந்து, மாதக் கடைசியில் எல்லாருடைய வரவு செலவையும் ஒன்றாகக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் தீர்வு கண்டது. அதன் கைமுதலுக்கு அமெரிக்கா 35 கோடி டொலர் வைத்தது.

உதவி மட்டும் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தவில்லை என்பதில் மாஸ்டர் உறுதியாக இருந்தார். பொறியியலாளர், கைவினைஞர், கணக்கு எழுதத் தெரிந்த அலுவலர் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்; இல்லாதது டொலர்தான். எங்கள் ஊரிலும் யுத்தம் முடிந்தது, உதவியும் வந்தது. அவர் வகுப்பில் இந்தக் கணக்கைப் படித்த எங்களில் பெரும்பாலானோர் அப்போது ஊரில் இருக்கவில்லை. அவர் படிப்பித்ததற்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அந்தக் கவலையும் கூடவே வருகிறது.