கெமிக்கலிலிருந்து பெர்மென்டருக்கு

“கெமிக்கல் படிச்சுட்டு பயோ பக்கம் போனா ரெண்டுங்கெட்டானா நிப்படா” என்றார் மாமா. மணலி ரீபைனரியில் வேலை பார்த்தவர். நான் படித்ததும் கெமிக்கல் இன்ஜினியரிங்தான், அவர் பேச்சைத் தட்டியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உயிருள்ள செல்களை வைத்துப் பொருள் தயாரிக்கும் பயோபிராசஸ் துறையில் எம்.டெக் சேருவதென்று, அதற்கான நுழைவுத் தேர்வான கேட் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பொதுத்திறன் பகுதிக்கு மட்டும் 15. முதல் தடவை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் அடி வாங்கினேன். விடையை நாமே எண்ணாகத் தட்ட வேண்டிய கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, எனவே ஒன்றையும் விடக் கூடாது. திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்திப் பழகுங்கள். கைக் கால்குலேட்டரில் பழகிய விரல் அங்கே தடுமாறும்.

இரண்டாம் தடவை நல்ல ஸ்கோர் வந்தது. ஐ.ஐ.டி.களின் சீட் அழைப்புகள் வரும் கோப் தளத்தில் முதல் சுற்றில் கிடைத்தது வேறு பிரிவு. ‘ரிஜெக்ட்’ கொடுத்தால் அதே சீட் திரும்ப வராது. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொள்ளும் ‘ரீட்டெய்ன்’ கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், அடுத்த சுற்றில் நான் கேட்டதே வந்தது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதற்கு வாரம் எட்டு மணி நேரம் இளநிலை மாணவர்களின் லேபில் வேலை.

அப்புறம் அந்த இரவு. ஐந்து லிட்டர் பெர்மென்டரில், அதாவது நுண்ணுயிர் வளர்க்கும் கலத்தில், ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தோம். நள்ளிரவு தாண்டியதும் கரைந்த ஆக்சிஜன் அளவு கண்ணெதிரே சரிய ஆரம்பித்தது. “கலக்கியோட வேகத்தை ஏத்துப்பா” என்றார் சீனியர் அக்கா. ஏற்றினேன். ஆக்சிஜன் ஏறியது, கூடவே நுரையும் மூடி வரை பொங்கியது. நுரையடக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் நுரை படுத்தது. ஆனால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட, ஆக்சிஜன் மறுபடி இறங்கியது. தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் போலத்தான் ஆக்சிஜன் கரையும். அடர்த்தியாக வளர்ந்த செல்கள் அதைச் சில நொடிகளில் காலி செய்துவிடும். எனவே காற்றிலிருந்து நீருக்கு அது ஓயாமல் கடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில், வாயுவைத் திரவத்தில் கரைக்கும் உறிஞ்சுகோபுரத்துக்காக மனப்பாடம் செய்த அதே மாஸ் டிரான்ஸ்பர் (பொருள் கடத்தல்) சமன்பாடு! அன்றைக்குத்தான் அது எனக்கு உண்மையில் புரிந்தது.

வேலைக்கான நேர்முகத்திலும் அதையேதான் கேட்டார்கள்: “ஐந்து லிட்டரை ஆயிரம் லிட்டராக்கினால் எது முதலில் இடிக்கும்?” ஆக்சிஜன் என்றேன். “அதைச் சமாளித்துவிட்டீர்கள், அப்புறம்?” பேப்பர் வாங்கிக் கணக்குப் போட்டேன். கலத்தின் வடிவம் மாறாமல் கொள்ளளவு 200 மடங்கானால், சுவரின் பரப்பு சுமார் 34 மடங்குதான் ஆகும். செல்கள் விடும் சூடோ கொள்ளளவோடு சேர்ந்து ஏறும். அதை வெறும் சுவர் வழியாக வெளியேற்ற முடியாது, உள்ளே குளிர்நீர்ச் சுருள் வேண்டும் என்றேன்.

வேலை கிடைத்ததும் முதல் போன் மாமாவுக்குத்தான். கேள்வியைச் சொன்னேன். “சூட்டைப் பத்தியா கேட்டாங்க? அது நம்ம சமாச்சாரம்டா!” என்றவர், சுருளுக்கு எத்தனை அங்குலக் குழாய் போடுவார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.