பழைய வீட்டுக் கழிவுநீர்க் குழாய்: அடைப்பு எடுத்து எடுத்து அலுத்துப்போனவர்களுக்கு

எங்கள் வீடு சென்னை மேற்கு மாம்பலத்தில், 1960-களில் கட்டியது. சமையலறை, குளியலறை, கொல்லையில் இருக்கும் துவைக்கிற கல், எல்லாத் தண்ணீரும் பக்கத்துச் சந்து வழியாகப் பூமிக்கடியில் போய் வாசலுக்கு முன்னால் இருக்கும் கடைசி சேம்பரில் (குழாய்கள் சேருகிற, மூடி போட்ட தொட்டி) விழுந்து தெருக் குழாய்க்குப் போகும். அப்படித்தான் போகவேண்டும். ஆனால் ஐப்பசி மழை தொடங்கினால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து கல்லி டிராப் (தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாய், நாற்றம் மேலே வராமல் தடுப்பது) பொங்கும், சந்து முழுக்க நாற்றம், சந்துப் பக்கச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். ஆள் வருவார், மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்துவார், தண்ணீர் சரேலென்று இறங்கும், பணம் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மழைக்கு மறுபடி அதே இடம். பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டியது இதைத்தான்: அடைப்பு எடுக்க வருகிறவர் அடைப்பை எடுப்பார், அது ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடைக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதை நாம்தான் பார்க்கவேண்டும்.

முதலில் எதையும் உடைக்காமல் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தோம். சேம்பர் மூடிகளில் ஒன்று எப்போதோ போட்ட சிமெண்ட் தரைக்கு அடியில் போயிருந்தது, கடப்பாரையால் தட்டிக்கொண்டே போனபோது சத்தம் மாறிய இடத்தில் அகப்பட்டது. மூடிகளையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றி, எந்த சேம்பரில் எவ்வளவு நேரம் கழித்து நீலம் வருகிறது என்று பார்த்தோம். அப்புறம் குளியலறை, அப்புறம் துவைக்கிற கல், கடைசியில் மொட்டைமாடி மழைநீர்க் குழாய். இந்தக் கடைசி வாளிதான் விஷயத்தைச் சொன்னது. மாடியில் ஊற்றிய நீலம் அதே கழிவுநீர் சேம்பரில் வந்து விழுந்தது.

1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். பத்து சென்டிமீட்டர் என்றால் 9,300 லிட்டர். சென்னையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்வது அதிசயமே இல்லை. அவ்வளவு தண்ணீரும் வீட்டுக் கழிவுக்காகப் போட்ட நாலு அங்குலக் குழாயில் நுழைந்தால் அது எப்படித் தாங்கும்? தெருவில் பல வீடுகளில் இதே இணைப்பு இருந்தால் தெருக் குழாயும் நிரம்பும், நிரம்பினால் வந்த வழியே திரும்பி, எந்த வீட்டுத் திறப்பு தாழ்வாக இருக்கிறதோ அங்கே பொங்கும். எங்கள் வீடோ சாலையைவிடத் தாழ்வு, ஏனென்றால் சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள்.

மழையில்லாத நாளிலும் தண்ணீர் மெதுவாகப் போனதற்குக் காரணம் வேறு. வயதான கொத்தனார் ஒருவர் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்துவிட்டு, "வாட்டமே செத்துப்போச்சும்மா" என்றார். வாட்டம் என்றால் குழாயின் சரிவு. நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது கணக்கு, அதாவது 30 அடிக்கு 9 அங்குலம் இறங்கவேண்டும். எங்கள் குழாய் மூன்று அங்குலம்கூட இறங்கவில்லை, நடுவில் தொய்ந்து அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய மண் குழாய், அந்தக் காலத்து ஸ்டோன்வேர். குழாய் தரமானதுதான், ஆனால் இரண்டடிக்கு ஒரு இணைப்பு வரும், இணைப்பில் பூசிய சிமெண்ட் விரிசல் விட்டால் வேர் உள்ளே நுழைந்துவிடும். பக்கத்து மனைத் தென்னையின் வேர் உள்ளே கற்றை கற்றையாக வளர்ந்திருந்தது. கசிந்த தண்ணீர்தான் சுவரில் ஓதமாக ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் சுவருக்கு மட்டும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கச் சொல்லி எத்தனை பேர் யோசனை சொன்னார்கள்!

தெரு மேன்ஹோலும் நிரம்பியிருந்த ஒரு நாளில், ஆளை இறக்கி எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மனிதரை இப்படிச் சாக்கடையில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், அதைவிட, உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் ஆளைக் கொன்றுவிடும். தெரு மேன்ஹோல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. புகார் கொடுத்தால் ஜெட் இயந்திர வண்டி வரும், தாமதமானாலும் காத்திருங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். தெருவுக்குப் போகும் கடைசி சேம்பரின் மட்டத்தை நம்மால் தாழ்த்த முடியாது, அதனால் கொத்தனார் அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கணக்குப்படி கல்லி டிராப்பை உயர்த்தவேண்டி வந்தது, டிராப் உயர்ந்ததால் துவைக்கிற கல் மேடையையும் உயர்த்தினோம். ஆறு அங்குலக் குழாயாகப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார், காரணமும் சரியானது: பெரிய குழாயில் கொஞ்சத் தண்ணீர் மெல்லிசாகப் பரவி ஓடும், கசடு அடியில் தங்கிவிடும். அதனால் பழைய நாலு அங்குலத்துக்கு ஈடான 110 மில்லிமீட்டர் பி.வி.சி. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான) குழாய் வாங்கினோம். கடையில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு இருக்கும். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும், கழிவுநீருக்கு டைப் பி. விலை குறைவு என்று டைப் ஏ-வைக் கொடுக்கப் பார்ப்பார்கள், குழாய் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பள்ளம் சுவரை ஒட்டியே போவதால் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டவில்லை, கொஞ்சம் தோண்டி, குழாய் போட்டு, மூடி, அப்புறம் அடுத்த பகுதி. பழைய அஸ்திவாரத்தின் பக்கத்தில் நீளமாகத் திறந்துவைத்தால் மண் சரியும். எங்கள் பக்கம் களிமண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அதனால் குழாய்க்கு அடியில் மணல் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் மூடுவதற்கு முன் கீழ்வாயைத் துணிமூட்டையால் அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தோம். இதற்கு மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள். சேம்பர்களின் தரை தட்டையாக இருந்ததால் கசடு மூலையில் நின்றது, அதை உடைத்து நடுவில் அரைவட்ட வாய்க்கால், இரண்டு பக்கமும் சரிவு என்று பூசவைத்தோம்.

மாடித் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, ஜல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கொல்லைப் பழைய கிணற்றில் விட்டோம். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமானது, எங்கள் வீட்டில் அப்போது பெயருக்கு ஒரு குழாய் போட்டதோடு சரி. மழைநீரைப் பிரித்த பிறகுதான் கடைசி சேம்பரில் ஒருவழி வால்வு வைத்தோம். இந்த வரிசை முக்கியம். தெருவிலிருந்து தண்ணீர் திரும்பும்போது வால்வு மூடிக்கொள்ளும், மூடியிருக்கும்வரை நம் தண்ணீரும் வெளியே போகாது, அந்நேரம் மாடித் தண்ணீரும் அதே குழாயில் வந்தால் வீட்டுக்குள்ளேயே பொங்கும். பெருமழை நேரத்தில் துணி துவைக்காமல் இருந்தால் போதும். வால்வின் மடலில் முடியும் நூலும் சிக்கும், புரட்டாசியில் ஒரு தடவை திறந்து கழுவுகிறேன்.

போன மழைக்காலத்தில் கல்லி டிராப் பொங்கவில்லை. ஓதம் இறங்கிக்கொண்டிருக்கிறது, பூச்சு இப்போதைக்குப் போடவில்லை, சுவர் முழுக்கக் காயட்டும். வாசல் கேட்டுக்கு உள்ளே மட்டும் மழைத்தண்ணீர் நிற்கிறது, அது சாலை உயரத்தால் வருவது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போடவேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவு இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அடுத்த முறை சாலை போடும்போது அப்படித்தான் செய்யவேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கி மனு எழுதிவைத்திருக்கிறோம்.