ஹசன் எழுதியிருந்தால்?

"மேடம், இதே கதைய ஹசன் எழுதியிருந்தா எப்படி இருக்கும்?"

கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. "அவனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதேப்பா" என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் டீ குடித்தேன். ஆறு மாதம் ஆகிறது. நான் சொன்ன அந்த ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை.

முதலில், அது தப்பான பதில். காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' 2003-இல் வந்த நாவல். காபூலில் பணக்காரப் பஷ்தூன் வீட்டுப் பையன் அமீர் சொல்லும் கதை அது. ஹசன் அந்த வீட்டு வேலைக்காரரின் மகனாக வளர்பவன், ஒடுக்கப்பட்ட ஹசாரா இனத்தவன். அதை நான்கு தடவை நடத்தியிருக்கிறேன். ஹசன் பெரியவனான பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறான், அமெரிக்காவில் இருக்கும் அமீருக்குக் கடிதமும் எழுதுகிறான். பாகிஸ்தானின் பெஷாவரில், அமீருடைய அப்பாவின் நண்பர் ரஹீம் கான் அந்தக் கடிதத்தை அமீரிடம் கொடுக்கும்போது ஹசன் உயிரோடு இல்லை, தாலிபான்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இதை எப்படி மறந்தேன்? பரீட்சைக்கு வருவது எல்லாம் அமீரின் குற்றவுணர்வுதான். 1975 குளிர்காலப் பட்டப் போட்டி, ஹசன் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாவதை அமீர் பார்த்துவிட்டு ஓடிவிடும் அந்தச் சந்து, ஹசனின் மெத்தைக்கு அடியில் அமீர் ஒளித்து வைக்கும் கைக்கடிகாரம், செய்யாத திருட்டை ஹசன் ஒப்புக்கொள்வது. இந்த இடங்களில் நின்று நின்று நடத்தினால் மணி அடித்துவிடும்.

தப்பு மட்டுமாக இருந்தால் மறுநாள் திருத்திவிட்டுப் போயிருப்பேன். இந்த நாவலில் நான் ஆசையாக நடத்தும் பகுதி ஒன்று உண்டு. அமீர் புத்தகம் வாசிப்பான், ஹசன் கேட்டுக்கொண்டிருப்பான். தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், முட்டாள் என்று பொருள்படும் சொல்லுக்குப் புத்திசாலி என்று சொல்லி ஏமாற்றுவான் அமீர். பிறகு அமீரே முதல்முதலாக ஒரு கதை எழுதுகிறான். ஒருவனுக்கு மந்திரக் கிண்ணம் கிடைக்கிறது. அதில் விழும் கண்ணீர் முத்தாகும். அழுகைக்காக அவன் பெண்டாட்டியையே கொன்றுவிடுகிறான். ஹசன் கேட்கிறான்: எதற்குக் கொல்லணும், வெங்காயத்தை முகர்ந்தால் போதாதா? அமீருக்கு வாயடைத்துப் போகிறது. எழுத்தறியாத இந்த ஹசாராவுக்கு என்ன தெரியும் என்று அவன் மனசுக்குள் ஒரு குரல் சொல்கிறது.

அந்தக் குரலைத்தான் அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதுவும் வெங்காயக் கேள்வி மாதிரி ஒரு கேள்விக்கு.

எனக்கும் காரணங்கள் உண்டு. அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இது தர்மபுரி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் சாதி வன்முறையில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த மாவட்டம். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹசன் எழுதினால் என்று ஆரம்பித்து, நான் எழுதினால் என்று ஒருத்தர் எழுந்துவிட்டால்? மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அது என்னவாகும் என்று யோசிக்காமல் இந்த ஊரில் வாத்தியார் வேலை பார்க்க முடியாது. பஷ்தூன், ஹசாரா என்று நான் சொல்லும்போது எதைச் சொல்கிறேன் என்பது பிள்ளைகளுக்குப் புரியும், காபூல் தூரமாக இருப்பதால் யாருக்கும் வலிக்காது என்றுதான் நம்பியிருந்தேன். யாருக்கும் என்றால் யாருக்கு என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் மாசி, பங்குனியில் புளி வந்து இறங்கும். ஓடு உடைத்து நார் எடுத்து, கொட்டை தட்ட ஆட்கள் வருவார்கள். அதில் ஒரு அம்மாவின் மகள் என் வயசுதான். நாள் முழுக்க என்னோடுதான் இருப்பாள். பள்ளிக்கூட விளையாட்டில் எப்போதும் நான் டீச்சர். அவள் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி என்னைவிட வேகமாகக் கணக்குச் சொல்வாள். விரல் நுனியெல்லாம் புளி ஏறிக் கறுத்திருக்கும். அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவள் என்னை 'பாப்பா' என்பாள். அஞ்சாவதோடு அவள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களோடு போய்விட்டாள். அவள் வாயால் என் பேரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை ஒரு குறையாக இத்தனை வருஷம் நினைத்ததும் இல்லை. சிநேகிதி என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அமீர் அந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையானவன், ஹசனைத் தன் நண்பன் என்று நினைத்ததே இல்லை என்று எழுதிவிடுகிறான்.

அடுத்த வகுப்பில் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், ஹசன் எழுதியிருக்கான்" என்றேன். அந்தப் பையன் எழுந்தான்.

"அதப் படிச்சிட்டுத்தான் மேடம் கேட்டேன். அதுலயும் 'அமீர் ஆகா'ன்னுதான் ஆரம்பிக்கிறான். சந்துல நடந்தது பத்தி ஒரு வார்த்த இல்ல. அது எப்படி மேடம் ஹசன் எழுதுனதாகும்?"

ஆகா என்பது அங்கே எசமானுக்குச் சொல்லும் மரியாதைச் சொல். கடிதத்தில் கோபமே இல்லை. காத்திருக்கும் பழைய நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான் ஹசன். அது அவன் அன்பு என்றுதான் நான்கு வருஷமும் விளக்கம் கொடுத்தேன். அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "நல்ல கேள்வி, யோசிச்சிட்டு வரேன்" என்றேன். நிஜமாகவே யோசித்தேன். அன்பு இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. புளிக்கொட்டை எண்ணிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தவளின் சிரிப்பு பொய்யா என்ன?

இன்டர்னல் தேர்வுக்குக் கேள்வித்தாள் அடிக்கும்போது, "ஹசனின் பார்வையில் இக்கதையை எழுதுக" என்று ஒரு கேள்வி வைத்தேன். விடைத்தாள்களைக் கட்டி மாணவர்கள் கையில்தான் கொடுத்தனுப்புவோம், யார் என்ன எழுதினார்கள் என்று எல்லாரும் புரட்டிப் பார்ப்பார்கள். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். காப்பாற்றியது அவனையா என்று தெரியவில்லை. அதற்குப் பதில் வழக்கம்போல அமீரின் குற்றவுணர்வும் மீட்சியும், 10 மதிப்பெண். அவன் ஒன்பது வாங்கினான்.