மைனஸ் 2 மில்லிமீட்டர் தண்ணீர்

திரையில் ஒரு கட்டத்தில் தண்ணீரின் ஆழம் மைனஸ் 2 மில்லிமீட்டர் என்று வந்து நின்றது. "எங்கள் காவிரி மே மாதத்தில் இப்படித்தான் இருக்கும்" என்றேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இது நெதர்லாந்தின் டெல்ஃப்ட். தெருவுக்குத் தெரு கால்வாய், என்றைக்கும் ததும்பி நிற்கும். காய்ந்த வாய்க்காலையே பார்க்காதவர்களிடம் என் ஜோக் எப்படி எடுபடும்?

அணை உடைந்தால் வெள்ளம் எப்படிப் பாயும் என்று, நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. தெற்கு பிரான்சின் மல்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 423 பேர் செத்தார்கள். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் பலரும் அந்த வெள்ளத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். வெள்ளம் வந்த நேரத்துக்குச் சாட்சி, வழியில் இருந்த 3 மின்மாற்றிகள். தண்ணீர் தொட்டதும் அணைந்துபோயின: முதலாவது 100-வது வினாடியில், கடைசி 1,420-வது வினாடியில்.

என் நிரல் இடறுவதெல்லாம் முகப்பில்தான், தண்ணீர் காய்ந்த தரையைத் தொடும் இடத்தில். கையிருப்பைவிட அதிகமாகப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுத்துவிட்டால் இந்தக் கட்டம் கடனில் விழுகிறது. அதுதான் அந்த மைனஸ்.

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. மழையில் சைக்கிள், மதியம் சீஸ் வைத்த ரொட்டி, எல்லாம் சரி. ஜூன் 12 வந்தால் மட்டும் மேட்டூர் திறந்தார்களா என்று காலையிலேயே போனைத் தடவுகிறேன்.

உராய்வே இல்லாத காய்ந்த தரையில் முகப்பு என்ன வேகத்தில் ஓடும் என்று ரிட்டர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1892-லேயே கணக்குப் போட்டுவிட்டார். 1 மீட்டர் தண்ணீர் தேங்கி உடைந்தால் வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல். எங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. வைக்கோல், நுரை, வேப்பஞ்சருகு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று குடித்துவிட்டு வரும். நாங்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்போம். என் நிரலில் செருப்புக்கு இடமில்லை.

போன வாரம் அப்பா கூப்பிட்டார்.

"தண்ணி வந்துருச்சுப்பா."

"எத்தனை மணிக்குப்பா?"

"டீ குடிச்சுட்டு வந்து பாத்தேன், மதகைத் தாண்டிருச்சு."

"டீக்கடைக்கு எப்பப் போனீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இவன் என்னமோ கேக்குறான், நீ பேசு" என்று போன் அம்மா கைக்குப் போனது.